ஒட்டகத்துக்கு ஒத்திகை

"அது முன்னாடி சாயும்போது நீங்க பின்னாடி சாயணும். பின்னாடி சாயும்போது முன்னாடி. எத்தனை தடவைங்க சொல்றது?"

கட்டிலின் மேல் நாற்காலி, நாற்காலியின் மேல் மெக்கானிக். அவர் விளிம்பைப் பிடித்திருந்த பிடியில் நகமெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. நாற்காலியின் பின்னங்கால்களைப் பிடித்தபடி நின்றவர் அவருடைய மனைவி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. மைதானம் நிறைந்த பிள்ளைகளை ஒரே விசிலில் வரிசையாக நிறுத்திவிடுவார். வீட்டில் இருக்கும் ஒற்றை ஆளை நாற்காலியில் நேராக உட்கார வைப்பதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது.

"ஒட்டகம் எழுந்திரிக்கும்போது பின்னங்காலைத்தான் முதல்ல தூக்குமாம். ஏமாந்தா நேரா அது கழுத்து மேல போய் விழுவீங்க."

"முன்னங்காலை முதல்ல தூக்குற ஒட்டகமா ஒண்ணு பாத்துக் குடுக்கச் சொல்லேன்."

"கண்ணைத் திறங்க."

"தலை சுத்துது."

"நான் இன்னும் ஆட்டவே ஆரம்பிக்கலைங்க."

விசில் ஊதினார். நாற்காலியின் பின்பக்கம் மேலே போனது. மெக்கானிக் பின்னால் சாய வேண்டியவர், சொல்லிக்கொடுத்த அத்தனையும் மறந்து, கிடைத்ததைப் பிடித்தார். கிடைத்தது மனைவியின் விசில் கயிறு. இருவரும் நாற்காலியும் சேர்ந்து மெத்தையில் விழ, அடியில் கட்டில் சட்டம் படாரென்று முறிந்தது.

மெத்தைப் பள்ளத்துக்குள் கிடந்தபடி மனைவி கூரையைப் பார்த்தார். "இன்னிக்கு இது போதும்" என்றார்.

விஷயம் இதுதான். வெளிநாட்டுப் பாலைவனத்தில் இருக்கும் பழங்கால நகரங்களைச் சுற்றிக் காட்டும் குழுப் பயணம் ஒன்று. மனைவியும் மனைவியின் அக்காவும் சேர்ந்து முடிவு செய்தார்கள். கணவன்மாருக்குத் தகவல் மட்டும் வந்தது. மணலில் பாதி புதைந்த கோட்டை, பாறையைக் குடைந்து செய்த வாசல்கள், ஒட்டக வணிகர்கள் தங்கிப் போன சத்திரம் என்று எல்லாவற்றுக்கும் மெக்கானிக் சந்தோஷமாகத் தலையாட்டினார். கடைசி நாள் மாலையைக் கேட்டதும்தான் தலை நின்றது. வெளி வாசலிலிருந்து இடிந்துபோன பழைய நகரம் வரைக்கும் எல்லாரும் ஒட்டகத்தில் போக வேண்டும், பொழுது சாயும்போது. பிடிக்காதவர்கள் பின்பக்கச் சாலை வழியாக வேனில் வந்து சேர்ந்துகொள்ளலாம்.

"நான் வேன்ல வந்துடறேனே" என்று அவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

மனைவி கோபப்படவில்லை. "சரி, வாங்க. அந்த ஊரை முதல்ல பாக்குறப்ப பக்கத்துல நீங்க இருப்பீங்கன்னு நெனைச்சிட்டு இருந்தேன். பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு டம்ளர் கழுவப் போய்விட்டார். சண்டை போட்டிருந்தால் தப்பித்திருக்கலாம். 'பரவாயில்லை' என்றால் வேறு வழியே கிடையாது என்பது கல்யாணமான எல்லாருக்கும் தெரியும்.

இது போதாதென்று சகலை வேறு இருந்தார். மனைவியின் அக்கா கணவர். இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரி. எந்த மண்டபத்திலும் மைக் வேண்டாத குரல். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு பொருட்காட்சியில் மெக்கானிக் குடைராட்டினத்து மரக்குதிரையில் ஏறி, அது சுற்ற ஆரம்பித்ததும் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தியிருக்கிறார். ராட்டினத்தை நிறுத்தி அவரை இறக்கிவிட்டார்கள். சுற்றியிருந்த குழந்தைகள் எல்லாம் முறைத்தன. அந்தக் கதையைச் சகலை கல்யாண வீட்டில் சொன்னார், கிரகப்பிரவேசத்தில் சொன்னார், ஆஸ்பத்திரியில் உறவினர் ஒருவரைப் பார்க்கப் போன இடத்தில் தையல் பிரிகிற அளவுக்குச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் குதிரையின் உயரம் குறைந்துகொண்டே வந்தது. இப்போதெல்லாம் அந்த ராட்டினம் சுற்றவே இல்லை என்கிறார்.

"இந்தத் தடவை வாயால சொல்ற வேலையே இல்லை, சகல. நல்ல கேமரா இருக்குற போனா ஒண்ணு வாங்கிட்டேன். நீங்க ஏறுறதுல இருந்து இறங்குற வரைக்கும் வீடியோதான். இறங்குறதுக்கு ரொம்ப நேரம் ஆகாதுன்னு வைங்க" என்று போன வாரம்தான் சொல்லிச் சிரித்திருந்தார்.

முறிந்த கட்டிலைப் பார்த்துக்கொண்டே தரையில் படுத்திருந்த மெக்கானிக்குக்கு ஒரு யோசனை வந்தது. அவர் வாஷிங் மெஷின் மெக்கானிக். ஆடுகிற மெஷினை ஆடாமல் நிற்க வைப்பதுதான் அவர் பிழைப்பு. நிறுத்தத் தெரிந்தவனுக்கு ஆட வைக்கத் தெரியாதா? மறுநாளே பட்டறையைத் திறந்ததும் வேலையை ஆரம்பித்தார்.

சொந்தக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் விட்டுப்போன பழைய மெஷின் ஒன்று மூலையில் கிடந்தது. மெஷின் துள்ளாமல் இருப்பதற்காக அதன் வயிற்றுக்குள் ஒரு கான்கிரீட் கட்டியைக் கட்டி வைத்திருப்பார்கள். மெக்கானிக் அதைக் கழற்றி வெளியே வைத்தார். ஈரக் கம்பளி ஒன்றைச் சுருட்டி டிரம்மில் ஒரே பக்கமாகத் திணித்தார். மேலே ஒரு பைக் சீட்டைத் திருகி, பிடித்துக்கொள்ள முன்னால் ஒரு கைப்பிடி வைத்தார். ஏறி உட்கார்ந்து, பிழியும் பொத்தானை அழுத்தினார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மெஷின் உறுமியது. இடது பக்கம் ஓர் ஆட்டம், வலது பக்கம் ஓர் ஆட்டம். அதன் பிறகு அது நடக்க ஆரம்பித்தது. ஸ்பேனர் பலகையைத் தாண்டி, திறந்திருந்த ஷட்டரைத் தாண்டி, மெக்கானிக்கைச் சுமந்துகொண்டு தெருவுக்கே வந்துவிட்டது. ஒயர் நீளம் இருந்த வரைக்கும் வந்து, பிளக் பிடுங்கிக்கொண்டதும் நின்றது.

எதிர்க் கடைத் தையல்காரர் மெஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"பாலைவனத்துக்கு" என்றார் மெக்கானிக். வேறு என்ன சொல்ல முடியும்?

"இப்பவேவா? நான் இன்னும் உங்க பேன்ட்டைத் தைச்சு முடிக்கலையே."

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மனிதர் விடவில்லை. மெஷினின் காலில் சங்கிலி போட்டுக் கட்டினார். தினமும் வேலை முடிந்ததும் ஏறினார். முதலில் கண்ணை மூடிக்கொண்டு, அடுத்து ஒரு கண்ணைத் திறந்துகொண்டு, பிறகு இரண்டையும். கைப்பிடியை விட்டார். கம்பளிக்குப் பதில் கனமான ரஜாய்ப் போர்வை போட்டு ஆட்டத்தைக் கூட்டினார். ஒரு நாள் சாயங்காலம் மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து நேராகப் பட்டறைக்கு வந்தபோது, குதிக்கிற மெஷினின் மேல் கணவர் காலை ஆட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். சட்டையில் ஒரு சொட்டு இல்லை.

மனைவி விசிலை எடுத்து நீளமாக ஒரு தடவை ஊதினார். அது மாநில அளவில் ஜெயிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் ஊதுகிற விசில். மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் மாதக் கணக்காக ஆட்டத்திலேயே ஊறிப்போன மனிதருக்குக் கையும் காதும் மாறிவிட்டன. நன்றாக ஓடுகிற மெஷினைக் கேட்டால் ஏதோ குறைகிற மாதிரி தோன்றியது. பல் டாக்டர் வீட்டில் மெஷினைப் பிரித்து மாட்டியபோது, பழக்க தோஷத்தில் கான்கிரீட் கட்டியைக் கழற்றி பால்கனியில் ஓரமாக வைத்துவிட்டு வந்துவிட்டார்.

அன்று மத்தியானமே போன் வந்தது.

"என்னங்க செஞ்சீங்க எங்க மெஷினை? அது நடந்து போய் பாத்ரூம் கதவை அடைச்சுக்கிட்டு நிக்குது" என்றார் பல் டாக்டர்.

"சுவிட்சை அணைச்சுட்டுத் தள்ளிப் பாருங்க டாக்டர்."

"தள்ள முடியலை. உள்ள என் மாமியார் இருக்காங்க."

"ஐயோ, இதோ வந்துடறேன்."

பல் டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "அவ்வளவு அவசரம் ஒண்ணும் இல்லை. மெதுவா வாங்க."

பல் டாக்டர் மன்னித்துவிட்டார். மற்றவர்கள் அப்படி இல்லை. ஒருவர் வீட்டு மெஷின் சமையலறைக்குள் போய்விட்டது. இன்னொருவர் வீட்டில் அது நாயைத் துரத்தியது. மெக்கானிக் ஒவ்வொரு வீடாகப் போய்த் தலைகுனிந்து சரி செய்துவிட்டு வந்தார். இனிமேல் பட்டறை ஒட்டகத்தைத் தொடுவதில்லை என்று முடிவும் செய்தார். எல்லா மெஷினும் ஒழுங்காக நின்றது, ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று சகலை வீட்டு மெஷின்.

"நீங்கதான் போன மாசம் சர்வீஸ் செஞ்சீங்க. இப்ப பாருங்க, சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தா மெஷின் பால்கனியில ஒரு பக்கமா நகந்து நிக்குது" என்று மனைவியின் அக்கா போனில் குறைப்பட்டுக்கொண்டார். அவர் விடிந்ததும் விடியாததுமாக பாங்க்குக்குக் கிளம்பிப் போகிறவர்.

மெக்கானிக் போய்ப் பார்த்தார். கான்கிரீட் கட்டி இருந்தது. ஆனால் போல்ட் எல்லாம் தளர்ந்திருந்தது. முன்கால் ஒன்று வளைந்திருந்தது. 'நானா இப்படி விட்டுட்டுப் போனேன்?' என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. எல்லாவற்றையும் இறுக்கி, கால்களை மாற்றி, ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

சகலை கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்பச் சிரமப்படாதீங்க சகல. முழுசா நிறுத்தணும்னு இல்லை. கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் எங்களுக்குப் பரவாயில்லை."

குத்தல் நேராக நெஞ்சில் இறங்கியது. மெக்கானிக் பையை எடுத்தார்.

எதிர் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாள் கையை ஆட்டினார். எல்லாரிடமும் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கிறவர். "தம்பி, நீங்களும் பாலைவன டூருக்கு வர்றீங்களாமே? அங்க மணல் காதுக்குள்ள போகுமா?"

"பஞ்சு வெச்சுக்கலாம்மா."

"பஞ்சு வெச்சா அந்த கைடு சொல்றது காதுல விழுமா?"

மெக்கானிக் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த வாரம் மறுபடியும் போன். ஷாக் அப்சார்பரை மாற்றினார். அதற்கடுத்த வாரம் மறுபடியும். ரப்பர் மெத்தை வைத்தார். ஒவ்வொரு தடவையும் அவர் கையால் இறுக்கிய போல்ட் தளர்ந்து கிடந்தது. மேல் தகடு வேறு நடுவில் லேசாக அமுங்கியிருந்தது. கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டார். ஒட்டகம் ஏறக் கற்றுக்கொள்ளப் போய்த் தொழிலைத் தொலைத்துவிட்டோமோ என்று பயமாக இருந்தது.

"இந்த மெஷினையே அடக்க முடியலை, இவர் ஒட்டகத்தை அடக்கப் போறாராம்" என்று சகலை சொன்னதாக உறவு வட்டாரம் முழுக்கச் செய்தி போய்ச் சேர்ந்தது. குடைராட்டினக் கதைக்குப் புது அத்தியாயம் கிடைத்துவிட்டது.

பயணத்துக்கு முந்தைய கூட்டம் டிராவல்ஸ் அலுவலகத்து மாடியில் நடந்தது. எல்லாருக்கும் டீ வந்தது. நீலச் சட்டை போட்ட வழிகாட்டிப் பெண் முன்னால் நின்று, தொப்பி, தண்ணீர் பாட்டில், செருப்பு வேண்டாம் ஷூ வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எதிர் பால்கனி அம்மாள் முதல் வரிசையில் உட்கார்ந்து சந்தேகமாகக் கேட்டுத் தள்ளினார். கோட்டையில் லிஃப்ட் இருக்கிறதா, சத்திரத்தில் இப்போதும் இடம் கொடுப்பார்களா, ஒட்டகம் ஆளைப் பார்த்துத் துப்புமா இல்லை எல்லார் மேலும் துப்புமா. வழிகாட்டி பொறுமையின் சிகரமாக நின்றார்.

"இப்ப ஒட்டகத்தைப் பத்திச் சொல்லிடறேன். அது எழுந்திரிக்கிற அந்த நேரம்தான் கஷ்டம். ஒருத்தர் வந்து இந்த நாற்காலியில உக்காந்தா காட்டிடலாம்."

சகலை எழுந்துவிட்டார். "எங்க சகலை வருவார், மேடம். குதிரையேற்றத்துல பெரிய ஆள்." அப்படியே கூட்டத்தின் பக்கம் திரும்பி, பொருட்காட்சி, மரக்குதிரை, சுற்றாத ராட்டினம் எல்லாவற்றையும் மைக் இல்லாமல் சொல்லி முடித்தார். மாடியே சிரித்தது. புது போன் வீடியோ எடுக்கத் தயாராக உயர்ந்தது.

மனைவி மெக்கானிக்கின் கையைத் தொட்டார். "வேணாம்னா விட்டுடுங்க."

மெக்கானிக் எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கூட்டத்திலிருந்து தடித்த ஆட்கள் இரண்டு பேர் வந்து நாற்காலியை இரண்டு பக்கமும் பிடித்தார்கள்.

"கைப்பிடியைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க சார்" என்றார் வழிகாட்டி.

"பரவாயில்லைம்மா. அந்த டீயைக் கொஞ்சம் குடுங்க."

நாற்காலியின் பின்பக்கம் விருட்டென்று மேலே போனது. மெக்கானிக் பின்னால் சாய்ந்தார். முன்பக்கம் தூக்கியது. முன்னால் சாய்ந்தார். இரண்டு பேருக்கும் ரோஷம் வந்துவிட்டது. இடமும் வலமுமாக உலுக்கினார்கள். மெக்கானிக் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். நடுவில் போன் அடித்தது. எடுத்து, "சொல்லுங்க டாக்டர்... மாமியார் ஊருக்குப் போயிட்டாங்களா, ரொம்ப சந்தோஷம்... மெஷின் நல்லா நிக்குதில்ல?" என்று பேசி முடித்து வைத்தார். தூக்கியவர்களுக்குத்தான் மூச்சு வாங்கியது. நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு ஒருவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மெக்கானிக் மிச்ச டீயையும் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். சட்டையில் ஒரு சொட்டு இல்லை.

மாடி அதிர்கிற மாதிரி கைதட்டல். எங்கிருந்தோ நீளமாக ஒரு விசில் சத்தம் கேட்டது. வழிகாட்டிப் பெண் பூரித்துப்போய், "நம்ம குழுவுக்கு முன்னாடி போற ஒட்டகம் சாருக்குத்தான். மேடம் பக்கத்து ஒட்டகத்துல வரட்டும்" என்று அறிவித்தார். மனைவியின் முகத்தைப் பார்த்த மெக்கானிக்குக்கு அந்தப் பழைய நகரத்தை அப்போதே பார்த்துவிட்ட மாதிரி இருந்தது.

சகலை மட்டும் கைதட்டவில்லை. போனைக் கீழே இறக்கிவிட்டு, வியர்த்த நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நாற்காலியை யார் வேணா சமாளிச்சிடலாம். எங்க வீட்டு மெஷினை நிறுத்தச் சொல்லுங்க பாப்போம்" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "எத்தனை தடவை வந்து பாத்தாச்சு. இவர் கை பட்ட நாள்ல இருந்து அது நடந்துக்கிட்டே இருக்கு. சொந்தத் தொழில்ல ஒரு மெஷினை நேரா நிக்க வைக்கத் தெரியலை."

கைதட்டல் அடங்கிவிட்டது. மெக்கானிக்கின் கையில் டம்ளர் அப்படியே நின்றது. ஒட்டகத்துக்குப் பதில் சொல்லிவிட்டார். ஆனால் அந்த மெஷின் ஏன் நடக்கிறது என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

"வேற யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று பேச்சை மாற்றினார் வழிகாட்டி.

முதல் வரிசையில் எதிர் பால்கனி அம்மாள் கையைத் தூக்கினார். ஆனால் வழிகாட்டியைப் பார்க்கவில்லை. திரும்பிச் சகலையைப் பார்த்தார்.

"தம்பி, உங்க வீட்டம்மா வேலைக்குப் போனதும் நீங்க தினமும் தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, அந்த வாஷிங் மெஷின் மேல ஏறி உக்காந்து, கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, 'மெதுவா, மெதுவா'ன்னு கத்துறீங்களே, அந்தப் பயிற்சி எங்களுக்கெல்லாம் எப்ப ஆரம்பிக்கும்?"